துதி, கூலிக்கு மாரடிப்பதல்ல

துதித்தால் கதவு திறக்கும், துதிக்காவிட்டால் அடைபட்டே கிடக்கும். பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆராதனையைப் பற்றி இன்று சொல்லித்தரப்படுவதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். ஆயர் ஈத்தாம் கடைவீட்டு மாடிகளில் கூடும் சிறு சபைகளில் மட்டுமல்ல, பழம்பெரும் சபைகளின் உபவாசக் கூட்டங்களிலும் இதே பேச்சுதான். கடன் தீர, வேலை நிரந்தரமாக, பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்க, வயிற்றுக் கட்டி கரைய, எல்லாவற்றுக்கும் ஒரே வழி: இன்னும் உரக்கத் துதி, கைகளை இன்னும் உயர்த்து, பிரசன்னம் இறங்கும்வரை விடாதே. நாம் துதிக்கும் அளவுக்குத்தான் தேவன் அசைவார் என்பது இந்தப் போதனையின் அடித்தளம்.

இது தவறு. வழிபாட்டு முறையில் நேர்ந்த சின்னப் பிசகு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கடவுள் யார் என்பதையே தலைகீழாக்கும் தவறு இது. இதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளின் விசுவாசத்தை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும் தவறு.

என் சண்டை கீபோர்டோடும் டிரம்ஸோடும் அல்ல. தோட்ட லயத்தில் பிறந்து, கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் வாய் பொத்தி நின்ற தலைமுறையில் பலர், கடவுளுக்கு முன்னால் வாய்விட்டுக் கதறலாம், கைதட்டலாம், ஆடலாம் என்று கற்றுக்கொண்டது பெந்தெகொஸ்தே கூட்டங்களில்தான். அதை நான் மதிக்கிறேன். ஃபாதர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் சபை வேலிகளைத் தாண்டி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததற்கு, அவை சாதாரண ஜனங்களின் வாயில் சுலபமாக உட்கார்ந்ததே காரணம். மறுபக்கத்தில், ஆர்கனும் ஞானப்பாட்டும் அச்சடித்த முறைமையும் இருந்தால்தான் அது ஆராதனை என்று சொல்லும் மூத்தவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழிவிட்டபோது, லத்தீன் போனால் பயபக்தியும் போய்விடும் என்று கலங்கியவர்கள் இருந்தார்கள். போய்விடவில்லை. மொழி மாறும், இசை மாறும், மாறட்டும். எதற்காகப் பாடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தப் போதனைக்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, வேதப் பகுதிகளோடு வருகிறார்கள். அவற்றையே எடுத்துப் பார்ப்போம். அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அப்போஸ்தலர் 16. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன. பாடியதால் கழன்றது என்று சொல்லிப் பிரசங்கம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வேதத்தில் அது அங்கே முடியவில்லை. கதவு திறந்த பிறகும் அவர்கள் வெளியேறவில்லை. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று பயந்து தன்னையே கொன்றுகொள்ள வாளை உருவிய சிறைக்காவலனைப் பவுல் சத்தமிட்டுத் தடுக்கிறார். விடுதலைக்காகப் பாடியவர்களாக இருந்தால் கதவு திறந்ததும் ஓடியிருப்பார்கள். முதுகெல்லாம் அடிபட்ட காயத்தோடு, காலையில் என்ன நடக்கும் என்று தெரியாமல் பாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதே புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யாக்கோபு வாளுக்கு இரையாகிறார், பேதுரு தப்புவிக்கப்படுகிறார். யாக்கோபு குறைவாகத் துதித்தார் என்று சொல்ல எந்தப் போதகருக்காவது துணிவு உண்டா?

அடுத்தது யோசபாத்தின் பாடகர்கள், 2 நாளாகமம் 20. பாடகர்கள் படைக்கு முன்னால் நடந்தார்கள், எதிரி வீழ்ந்தான் என்கிறார்கள். ஆனால் முந்தின நாள் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். ராஜா பயந்துபோய், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஜனங்களுக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டு ஜெபிக்கிறான். அதன்பின் யகாசியேல் வழியாகக் கடவுளின் வாக்கு வருகிறது. யுத்தம் அவருடையது என்று வாக்களிக்கப்பட்டது, மறுநாள் காலையில் பாட்டு எழுந்தது. வாக்கு முந்தியது, பாட்டு பிந்தியது. இந்த வரிசையை மாற்றிப்போட்டால் அந்த அதிகாரம் சொல்வதற்கு நேரெதிரானதை நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனவேதனை தருவது 22ஆம் சங்கீதத்துக்கு நேர்ந்த கதி. கடவுள் துதிகளின் நடுவே வாசமாயிருக்கிறவர் என்று சொல்லும் மூன்றாம் வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்து, துதித்தால் அவர் வந்து இறங்குவார் என்று ஒரு விதியே செய்துவிட்டார்கள். அந்தச் சங்கீதம் எப்படித் தொடங்குகிறது? கைவிடப்பட்டவனின் கூக்குரலோடு. பகலில் கூப்பிடுகிறேன், பதில் இல்லை, இரவிலும் ஓய்வில்லை என்று புலம்பும் ஒருவன், அந்தப் பதிலில்லாத இருட்டுக்குள் நின்றுகொண்டு சொல்லும் வசனம் அது. அதே சங்கீதத்தின் முதல் வரியைத்தான் இயேசு சிலுவையில் கதறினார். அன்று அவருக்குக் கதவு திறக்கவில்லை, ஆணிகள் கழலவில்லை. பிதாவுக்கு ஏற்ற ஆராதனை ஒன்று இந்தப் பூமியில் நடந்ததென்றால் அது கொல்கொதாவில்தான் நடந்தது. நம் மேடைகளின் அளவுகோலால் அளந்தால் அது தோற்றுப்போன ஆராதனை என்றாகிவிடும். அந்த அளவுகோலைத் தூக்கியெறிய இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

யோபின் புத்தகத்தை நம் கூட்டங்களில் கடைசி அதிகாரத்திலிருந்துதான் வாசிக்கிறார்கள், இரட்டிப்பாகக் கிடைத்தது என்பதற்காக. முதல் அதிகாரத்தில் சாத்தான் கடவுளிடம் ஒரு கேள்வி கேட்கிறான். யோபு சும்மாவா உமக்குப் பயப்படுகிறான், சுற்றிலும் வேலி போட்டு ஆசீர்வதித்திருக்கிறீரே, அதையெல்லாம் எடுத்துப் பாரும் என்பது அவன் வாதத்தின் சாரம். மனிதன் கூலிக்குத்தான் மாரடிப்பான், கூலி நின்றால் குரலும் நின்றுவிடும் என்பது சாத்தானின் சித்தாந்தம். அது பொய் என்று காட்டத்தான் அந்தப் புத்தகம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. மந்தை போய், வேலைக்காரர் போய், பத்துப் பிள்ளைகளும் போன அன்று யோபு தரையில் விழுந்து பணிந்துகொண்டான். ஒன்றையும் திரும்பப் பெறுவதற்காக அல்ல. திரும்பக் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது. பெற்றுக்கொள்ளத் துதி என்று மைக்கைப் பிடித்துச் சொல்கிறவர், சாத்தான் வைத்த வாதத்தையே சபையின் உபதேசமாக்கிவிடுகிறார். கடுமையான சொல் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இதன் விளைவு எங்கே போய் முடிகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் ஓர் அக்கா குடியிருந்தார். கணவருக்குச் சர்க்கரை நோய் முற்றி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். அக்காவுக்கு அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. வீட்டுக் கூட்டம் ஒன்றில் எல்லாரும் எழுந்து கையுயர்த்திப் பாடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். கைகள் மடியில் கிடந்தன. கழுவும் மருந்து பட்டுப் பட்டு விரல் நுனிகளில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. ஆராதனை நடத்தியவர் இசையைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு, இங்கே மூடியிருக்கும் ஒரு வாய் பிரசன்னத்தைத் தடுக்கிறது என்றார். யாரைச் சொல்கிறார் என்பது அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா எழுந்து நின்று உதடுகளை அசைத்தார். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. கணவர் இறந்தபோது சபையார் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த வார்த்தையைச் சொன்னவர் கெட்டவர் அல்ல. நோயாளிகளுக்காக இராத்திரி பகல் பாராமல் ஓடுகிறவர். தான் கற்ற போதனையை அவர் நேர்மையாகப் பொருத்திப் பார்த்தார், அவ்வளவுதான். துதித்தால் கிடைக்கும் என்பது விதியானால், கிடைக்காதவர் துதிக்காதவர் என்றுதானே பொருள்? நோயும் வறுமையும் போதாதென்று, குற்றவாளி என்ற பட்டத்தையும் ஏழையின் தலையில் கட்டிவிடுகிறது இந்த விதி.

ஆயர் ஈத்தாமில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கெக் லோக் சி கோயிலில் வண்ண நாடாக்களில் வேண்டுதல் எழுதிக் கட்டுகிறார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடிகள் போகின்றன, தெருவெல்லாம் தேங்காய் உடைகிறது. இவற்றையெல்லாம் கடவுளோடு செய்யும் பேரம் என்று நம் மேடைகளில் இகழ்கிறார்கள். அடுத்தவருடைய பக்தியின் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நமக்கில்லை. காவடி எடுப்பவர்களில் பலர், பெற்றுக்கொண்டதற்கு நன்றியாகவே எடுக்கிறார்கள் என்பது ஒரே மாடியில் அவர்களோடு வாழும் நமக்குத் தெரியும். ஆனால், பேரம் என்று அடுத்தவரை இகழ்ந்த அதே வாய், அடுத்த நிமிடமே விதைப்புக் காணிக்கைக்கும் விடுதலைத் துதிக்கும் அழைப்பு விடுக்கிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

சாட்சிகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். உண்மையாகவே பெற்றவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. கடவுள் குணமாக்குகிறார், கேட்டதற்குச் செவிசாய்க்கிறார். கேட்பது பாவமல்ல. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றாட ஆகாரத்துக்கான விண்ணப்பம் இருக்கிறது. அதற்கு முன்னால் அவருடைய நாமமும் ராஜ்யமும் சித்தமும் வந்துவிடுகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு நிற்கும் தாய்மாரை நான் ஒரு வார்த்தையும் குறைசொல்ல மாட்டேன். கேட்பதைக் கேட்பதாகவே வைத்துக்கொள்வோம். துதியை அதற்கான விலையாக மாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். விலை கொடுத்து வாங்கியது வரமாக இருக்க முடியாது.

சாது சுந்தர் சிங் 1918ல் இலங்கைக்குப் போய், பிறகு பர்மா, மலாயா வழியாகக் கிழக்கு நோக்கிப் பயணம் செய்தார். இலங்கையில், சாகக் கிடந்த மகனுக்காக ஒரு தாய் கெஞ்சியதால் கைவைத்து ஜெபித்தார். பையன் பிழைத்துக்கொண்டான். செய்தி பரவியது. ஜனங்கள் கிறிஸ்துவை விட்டுவிட்டுத் தன்னிடம் ஏதோ சக்தி இருப்பதாக நினைக்கிறார்கள் என்று கண்டதும், இனி இப்படிச் செய்வதில்லை என்று சாது தீர்மானித்துக்கொண்டார். குணமானது உண்மை என்று தெரிந்தும் அதை ஒரு முறையாக்கி நடத்த அவர் மறுத்தார். இன்று ஒரு சாட்சி கிடைத்தால் அதை வைத்து அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சுவரொட்டி அடிக்கிறோம்.

அப்படியானால் ஏன் ஆராதிக்க வேண்டும்? யாத்திராகமம் இதற்குத் தெளிவான பதில் தருகிறது. எகிப்தில் செங்கல் சுமந்த அடிமைகள் பாடிப் பாடி விடுதலை வாங்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து வந்தது பாட்டல்ல, பெருமூச்சு. கடவுள் அதைக் கேட்டு இறங்கி வந்தார். கடலைக் கடந்த பிறகுதான் மோசேயும் மிரியாமும் பாடுகிறார்கள். அதற்கும் பிறகுதான் சீனாய் வருகிறது, கட்டளைகள் வருகின்றன, கூடாரம் வருகிறது. அவர் செய்துவிட்டார், ஆகையால் பாடுகிறோம். இன்னும் ஆழமாகச் சொன்னால், அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அவர் கடவுள், நாம் அவருடைய படைப்பு. அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று எபிரெய வாலிபர்கள், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், அவர் தப்புவிக்காமல் போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்ற பொருளில் நேபுகாத்நேச்சாருக்குப் பதில் சொன்னார்கள். அந்த 'போனாலும்' இல்லாத ஆராதனை இன்னும் பிறக்கவேயில்லை. மனிதனின் தலையாய நோக்கம் கடவுளை மகிமைப்படுத்துவதும் அவரில் என்றென்றும் மகிழ்வதும் என்று 1647ல் வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடை தன் முதல் பதிலாக வைத்தது. அவர் தரும் பொருளில் மகிழ்வது என்று அது சொல்லவில்லை.

எப்படி ஆராதிப்பது என்பதற்கு, இவர்கள் ஓயாமல் எடுத்துக்காட்டும் எபிரெயர் 13:15ஐயே நானும் எடுக்கிறேன். உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலியைப் பற்றிய வசனம் அது. மேடைக்குப் பின்னால் பதாகையில் அச்சிடுகிறார்கள். 16ஆம் வசனத்தை அச்சிட்ட பதாகையை இதுவரை நான் எங்கும் கண்டதில்லை. நன்மை செய்வதும் உள்ளதைப் பகிர்வதும் கடவுளுக்குப் பிரியமான பலிகள் என்கிறது அது. உதட்டின் பலியையும் கையின் பலியையும் அந்த ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். நாம் பாதி மூச்சில் நிறுத்திவிட்டோம். 2021 நடுவில், நடமாட்டக் கட்டுப்பாட்டால் வருமானம் இழந்த குடும்பங்கள் உதவி கேட்டுச் சன்னலில் வெள்ளைக்கொடி கட்டின. அப்போது நேரலையில் துதிப் பாடல் ஓடிக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு, லிப்ட் வேலை செய்யாத மாடிகளுக்கு அரிசியும் பால்மாவும் தூக்கிக்கொண்டு ஏறிய விசுவாசிகளும் உண்டு. இரண்டாவதையும் ஆராதனை என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டு, ஏழைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, இது கர்த்தருடைய விருந்தே அல்ல என்று பவுல் எழுதினார். பாட்டு சரியில்லை, அபிஷேகம் இறங்கவில்லை என்று அவர் எழுதவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில், ஒரே பீடத்திலிருந்து இரண்டு கால்கள்போல் பிரியும் இரு மண்டபங்களாக அதைக் கட்டினார்கள், இரண்டு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பலியில் பங்குபெறுவதற்காக. பிறகு ஆயர் பார்த்தே காலத்தில் இரு மண்டபங்களையும் பிரித்த தடுப்புச் சுவர் அகற்றப்பட்டபோது, தடுப்பு வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அது மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. உள்ளே பாட்டும் தூபமும் குறைவில்லாமல்தான் இருந்திருக்கும். கப்பலேறி வந்த நாம் அந்தச் சுவரைக் கரையில் விட்டுவிட்டு வந்தோமா என்பதை, நம் சபைகளில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது கேட்டுப்பாருங்கள்.

ஜார்ஜ் டவுனில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் 1818ல் கட்டி முடிக்கப்பட்டு, மறுவருடம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைதிகளின் உழைப்பு. அந்த அழகின்முன் நிற்கும்போதெல்லாம், கல் சுமந்தவனுக்கு அன்று உள்ளே இடம் இருந்ததா என்று நினைப்பேன். ஆராதனையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்பவர் ஆமோஸைப் படிக்கவேண்டும். உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்ற பொருளில் கடவுளே பேசுகிறார், நியாயம் தண்ணீராய்ப் புரளட்டும் என்பதற்காக. வீட்டுப் பணிப்பெண்ணின் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, கடைப் பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துக்கொண்டு முன்வரிசையில் கையுயர்த்துகிறவரிடம், மைக் பிடித்தவர் பிரசன்னம் தடைபடுவதைப் பற்றி ஒருநாளும் பேசுவதில்லை. மூடிய வாய் அவர் கண்ணில் படுகிறது, மூடிய கை படுவதில்லை.

மேடை இல்லாமல் ஆராதனை இல்லை என்று நினைப்பவர்களுக்கு மலேசியத் திருச்சபையின் வரலாறே பதில். 1976ல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் ஒரு மாத காலம் ஒன்றுகூடித் திருச்சபையின் எதிர்காலத்தைப் பற்றி ஆலோசித்தார்கள். அந்த மாதம் குருக்கள் இல்லாத பங்குகளில் ஜனங்கள் தாங்களே கூடி, வாசித்து, ஜெபித்தார்கள். வீடுகளில் கூடும் அடிப்படைச் சமூகங்கள், தமிழ்நாட்டில் அன்பியம் எனப்படுபவை, இங்கே வேர்பிடித்தது அந்தக் கூடுகைக்குப் பிறகுதான். அண்டை வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்துகொண்டு கூடும் ஜெபம் அது. ஒலிபெருக்கி தேவைப்படாத ஜெபம்.

புலம்பலுக்கும் ஆராதனையில் இடம் வேண்டும். சங்கீதப் புத்தகத்தில் பெரும்பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒரு சொல்லும் இல்லாமல் இருளோடேயே முடிகிறது. அதையும் இஸ்ரவேலர் தங்கள் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தார்கள். கடவுளைப் பார்த்து முறையிட்ட யோபு அவரைக் குறித்து நிதானமாய்ப் பேசினான், அவருக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள் அப்படிப் பேசவில்லை என்று கடைசி அதிகாரத்தில் கடவுளே தீர்ப்பளிக்கிறார். ஒப்பாரியையே கலையாக வளர்த்த இனம் நாம். நம் ஆராதனையில் அழுகைக்கு மட்டும் அனுமதி இல்லை.

இப்படியெல்லாம் பேசினால் இளையவர்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்கள் என்று மூப்பர்கள் பயப்படுகிறார்கள். இளையவர்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள், வேறு சபைக்கு அல்ல, வெளியே. பதினைந்து வயதில் கையுயர்த்தி அழுது பாடியவர்கள், வாக்களிக்கப்பட்ட கதவு இருபத்தைந்திலும் திறக்காதபோது, ஒன்று கடவுள் பொய், அல்லது நான் பாவி என்று இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். பீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளின் முகவரி சபை அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. வருகிற ஞாயிறு பாடல் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரத்தை எடுத்துக்கொண்டு போதகரும் மூப்பர்களும் அவர்கள் வீடுகளுக்குப் போகட்டும். கடவுள் சொல்லாத ஒன்றை அவர் பெயரால் உங்களுக்கு வாக்களித்துவிட்டோம் என்று நேருக்கு நேர் சொல்லட்டும்.